செத்துவிட்டதாகச் சொல்லப்படும் கம்பிகள்

பேஸ் கிட்டார் வாசிப்பவர்களிடமும் விற்பவர்களிடமும் ஒரு கருத்து கேள்வியில்லாமல் உலவுகிறது. புதுக் கம்பி கணீரென்று ஒலிக்கும். சில வாரங்களில் ஓசை மங்கும். மங்கியதும் அந்தக் கம்பி செத்துவிட்டது என்று பொருள். புது செட் வாங்கி மாட்டுவதைத் தவிர வேறு வழியில்லை என்பது அந்தக் கருத்து. அதைத் தாங்கி நிற்கும் வாதங்கள் ஐந்து. இழுவிசையில் கிடந்து உலோகம் களைத்துவிடுகிறது. சுத்தம் செய்தால் திரும்பும் ஓசை சில நாள்கூட நிற்காது. சுத்தம் செய்வதே கம்பியையும் கிட்டாரையும் கெடுக்கும். நம் ஊர் ஈரக் காற்றில் எந்தப் பராமரிப்பும் வீண். நேரத்தையும் பணத்தையும் கணக்குப் பார்த்தால் மாற்றுவதுதான் லாபம். இதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து ஆறாவதாகவும் ஒரு வாதம் வருகிறது: கம்பியைத் துடைக்கவே கூடாது, அழுக்கில்தான் இசையின் சாரம் இருக்கிறது என்பது. இந்த ஆறையும் ஒவ்வொன்றாக எடுத்து, உண்மை உள்ள இடத்தில் ஒப்புக்கொண்டு, இல்லாத இடத்தில் மறுக்க விரும்புகிறேன். என் நிலைப்பாடு இதுதான்: ரவுண்ட்வவுண்ட் பேஸ் கம்பி மங்குவதற்கு முதற்காரணம் அதன் சுற்றுகளுக்கிடையே சேரும் அழுக்கு, உலோகத்தின் தேய்மானம் அதற்குப் பிறகுதான் வருகிறது. அழுக்கை எடுக்க முடியும். எடுத்துப் பார்க்காமலே கம்பியைக் குப்பையில் போடுவது விசாரிக்காமல் தீர்ப்பு எழுதுவதற்குச் சமம்.

கம்பியின் கட்டமைப்பை முதலில் பார்த்துவிடலாம். பேஸ் கம்பி ஒற்றை உலோக இழை அல்ல. நடுவில் ஓர் எஃகு உள்கம்பி. அதன்மேல் நெருக்கமாகச் சுற்றப்பட்ட உறைக்கம்பி, தடித்த கம்பிகளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்குகள். உறைக்கம்பி பெரும்பாலும் நிக்கல் பூசிய எஃகாகவோ துருவேறா எஃகாகவோ இருக்கும். உறைக்கம்பி உருண்டையாக இருந்தால் அது ரவுண்ட்வவுண்ட். தட்டையான நாடாவாக இருந்தால் ஃப்ளாட்வவுண்ட். 1951இல் ஃபெண்டர் நிறுவனத்தின் பிரிசிஷன் பேஸ் வந்தபோதும், அதற்குப் பின் பல ஆண்டுகளும், பேஸ் உலகில் வழுவழுப்பான ஃப்ளாட்வவுண்ட் கம்பிகளே கோலோச்சின. 1966இல் இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் நிறுவனம், ‘தி ஹூ’ குழுவின் ஜான் என்ட்விசிலோடு இணைந்து, பியானோவின் பளபளப்போடு ஒலிக்கும் ரவுண்ட்வவுண்ட் கம்பியை உருவாக்கியது. அதுவரை அடியில் முழங்கிக்கொண்டிருந்த பேஸ் அதன்பிறகு முன்னால் வந்து பேசத் தொடங்கியது. ஆனால் அந்தப் பளபளப்போடு ஒரு பலவீனமும் கூடவே வந்தது. உருண்டைச் சுற்றுகளுக்கு இடையில் கம்பியின் முழு நீளத்துக்கும் நுண்ணிய பள்ளம் ஓடுகிறது. விரலின் வியர்வை, தோல் சுரக்கும் எண்ணெய், உதிரும் தோல், காற்றின் தூசு எல்லாம் அந்தப் பள்ளத்தில் இறங்கிப் பிசுக்காக உறைகின்றன. நாம் பேசும் மங்கல் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது.

பிசுக்கு எப்படி ஓசையை விழுங்குகிறது என்பது தெரிந்தால் பாதி விவாதம் முடிந்துவிடும். நாலு கம்பி பேஸில் தடித்த ஈ கம்பியின் அடிப்படை அதிர்வு நொடிக்கு 41.2. நாம் கேட்பது அந்த ஓர் அதிர்வை மட்டும் அன்று. அதன் இரு மடங்கு, மும்மடங்கு என அடுக்கடுக்காக எழும் மேற்சுரங்களையும் சேர்த்துத்தான். வழக்கமான 34 அங்குலக் கம்பி 25ஆம் மேற்சுரத்தில் அதிரும்போது, ஏறத்தாழ 3.5 சென்டிமீட்டருக்கு ஒன்றாக 25 துண்டுகளாகப் பிரிந்து நெளிகிறது. அடிப்படை அதிர்வில் முழுக்கம்பியும் ஒரே மென்மையான வளைவு. மேலே போகப் போக வளைவுகள் குறுகி இறுகுகின்றன. ஒவ்வொரு நெளிவிலும் ஒருபக்கச் சுற்றுகள் சற்றே விலகுகின்றன, மறுபக்கச் சுற்றுகள் நெருங்குகின்றன. இடையில் பிசுக்கு இருந்தால் நெருங்கும் ஒவ்வொரு முறையும் அது கசங்கி, அதிர்வின் ஆற்றலை வெப்பமாக்கித் தின்றுவிடுகிறது. 25ஆம் மேற்சுரத்தில் இது நொடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை நடக்கிறது. அதனால்தான் அழுக்கேறிய கம்பியின் அடித்தளம் அப்படியே இருக்க, மேற்சுரங்கள் மட்டும் முதலில் மடிகின்றன; கார்வையும் குறைகிறது. ஒலிக்கும் வெண்கல மணியைக் கையால் பற்றினால் ஓசை அடங்குகிறது. மணி பழுதாகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

இந்த மேற்சுரங்கள் வெறும் அலங்காரமும் அல்ல. கைப்பேசி, சிறு ஒலிபெருக்கி போன்றவற்றால் நொடிக்கு 41 அதிர்வுகளை உருப்படியாக வெளியிட முடியாது. இருந்தும் பேஸின் நடை நமக்குக் கேட்கிறது என்றால், மேற்சுரங்களைக் கொண்டு அடிச்சுரத்தை நம் செவியே ஊகித்து நிரப்பிக்கொள்வதுதான் காரணம். இளையராஜாவின் பாடல்களில் சசிதரன் வாசித்த பேஸ் வரிகளைச் சின்ன ரேடியோவிலும் டேப் ரெக்கார்டரிலும் கேட்டு மனப்பாடம் செய்த ஒரு தலைமுறை தமிழ்நாட்டில் உண்டு. கம்பியின் மேற்சுரங்கள் பதிவில் இல்லாதிருந்தால் அது நடந்திருக்காது. கம்பி மங்குவது ஒரு ருசிக்குறைவு மட்டுமல்ல. அந்த வாத்தியம் கேட்கப்படுவதற்கான வாய்ப்பே அதனால் குறைகிறது. ஆகவே, மங்கலைச் சகித்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மங்கலின் காரணத்தைச் சரியாகக் கண்டு, அதற்கேற்ற மருந்தைக் கொடுங்கள் என்கிறேன்.

இப்போது முதல் வாதம்: உலோகம் களைத்துவிடுகிறது என்பது. உலோகக் களைப்பு என்ற ஒன்று உண்மையிலேயே உண்டு. ஆனால் அதன் அடையாளம் வேறு. திரும்பத் திரும்ப வளைபடும் எஃகில் நுண்விரிசல் தோன்றி, வளர்ந்து, ஒருநாள் அது முறிகிறது. களைத்த எஃகு அறுந்துபோகும், படிப்படியாக ஊமையாகாது. எஃகின் மீள்தன்மையை இழுவிசை சில வாரங்களில் தின்றுவிடுவதும் இல்லை. புதுக் கம்பி தொடக்க நாள்களில் சற்று நீண்டு சுருதி இறங்குவது மெய்; அது சில முறை சுருதி கூட்டியதும் நின்றுவிடுகிறது. பேஸ் கம்பிகள் வாசிக்கையில் அறுவது அரிது என்பதே அவை தம் வலிமையின் எல்லைக்கு வெகு கீழே வேலை செய்கின்றன என்பதற்குச் சான்று. அறுகிற கம்பியைவிட மங்குகிற கம்பி பன்மடங்கு அதிகம் என்றால், மங்கலின் காரணத்தைக் களைப்பில் தேடுவது தவறான திசையில் தேடுவது.

இதைச் சோதிக்க ஆய்வுக்கூடமும் தேவையில்லை. பியானோவைப் பாருங்கள். அதன் கீழ்சுரக் கம்பிகளும் பேஸ் கம்பியைப் போலவே எஃகு உள்கம்பியின்மேல் உறைக்கம்பி சுற்றியவைதான். அங்கே உறை செம்பு. பேஸின் ஈ கம்பி சுமார் 16 முதல் 18 கிலோ இழுவிசையில் இருக்கிறது. பியானோக் கம்பி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 70 கிலோவையும் அதற்கு மேலும் தாங்குகிறது. நான்கு மடங்கு இழுவிசையில், இரவும் பகலும், ஆண்டுக்கணக்காக. இழுவிசைதான் கம்பியைக் கொல்லும் என்றால் பியானோக் கம்பிகள் மாதத்துக்கொரு முறை மாற்றப்பட வேண்டும். அவையோ பல பத்தாண்டுகள் ஒலிக்கின்றன. வேறுபாடு ஒன்றுதான்: பியானோவின் கம்பியை விரல் தொடுவதில்லை. அதில்கூடக் காலப்போக்கில் கீழ்சுரங்கள் சில மந்தமாவது உண்டு. அப்போது தேர்ந்த பியானோ பழுதுநீக்குநர் முதலில் செய்வது கம்பியைத் தளர்த்தி, அதை வளையமாக மடக்கி, அந்த வளைவை நீளவாக்கில் ஓடவிட்டுச் சுற்றுகளுக்கிடையே இறுகிய அழுக்கையும் துருத்தூளையும் உதிர்ப்பது. அந்தத் தொழிலில் ‘செத்த’ கம்பிக்கு முதல் சிகிச்சை சுத்தம்தான்.

இரண்டாவது சான்று பூச்சுக் கம்பிகள். டபிள்யூ. எல். கோர் நிறுவனத்தின் எலிக்சர் கம்பிகள் 1990களின் பிற்பாதியில் சந்தைக்கு வந்தன; பேஸுக்கும் பின்னர் வந்தன. அவற்றில் புதிய உலோகம் எதுவும் இல்லை. கம்பியின்மேல் மிக மெல்லிய பாலிமர் உறை இருக்கிறது; சுற்றுகளின் இடைவெளிக்குள் வியர்வையும் எண்ணெயும் இறங்காமல் அது தடுக்கிறது. அவ்வளவுதான் மாற்றம். இழுவிசை அதே, வாசிப்பு அதே, எஃகும் அதே. ஆயினும் பூச்சில்லாத கம்பியைவிட அவை நெடுநாள் பளிச்சென்று ஒலிக்கின்றன என்பதை வாசிப்பவர்கள் பரவலாக ஒப்புகிறார்கள். அந்த ஒப்புதலின் பேரில்தான் அதிக விலை கொடுத்தும் வாங்குகிறார்கள். அழுக்கை மட்டும் வெளியே நிறுத்தினால் ஆயுள் நீள்கிறது என்றால், ஆயுளைக் குறைத்தது அழுக்குதான். பூச்சுக் கம்பியை நம்பி வாங்கிக்கொண்டே ‘உலோகம் களைத்துவிட்டது’ என்றும் சொல்வது ஒன்றுக்கொன்று பொருந்தாது.

இன்னும் நேரான சான்று, கழுவிய கம்பியே. மங்கிய கம்பிகளைக் கொதிநீரில் போட்டு எடுத்தால் ஓசை தெளிகிறது என்பது பல பத்தாண்டுகளாக பேஸ் வாசிப்பவர்கள் அறிந்தது. மாற்றத்தான் வேண்டும் என்று வாதிடுபவர்களும் அதை மறுப்பதில்லை. சூடு உலோகத்தின் உள்ளமைப்பைச் சீராக்கிவிடுகிறது என்று சிலர் அதற்கு விளக்கம் சொல்வார்கள். அது நிற்காது. எஃகின் உள்ளமைப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றப் பல நூறு டிகிரி வேண்டும். நீர் 100 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. தவிர, சூடே படாத ஆல்கஹாலில் ஓர் இரவு ஊறவைத்தாலும் அதே தெளிவு திரும்புகிறது. இரண்டு முறைக்கும் பொதுவானது அழுக்கு வெளியேறுவது மட்டும். ஊறவைத்த பாத்திரத்தின் அடியில் கறுத்த வண்டல் தங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். களைப்பைக் கழுவி எடுக்க முடியாது. அழுக்கைத்தான் எடுக்க முடியும். ஓசை திரும்புகிறது என்பதே நோய் எதுவென்று சொல்லிவிடுகிறது.

இரண்டாவது வாதத்துக்கு வருவோம். திரும்பிய ஓசை சில நாள்கூட நிற்பதில்லை என்கிறார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி கொதிநீரைப் பற்றியது. வெந்நீர் எண்ணெயை இளக்குகிறது, உப்பைக் கரைக்கிறது. ஆனால் இறுகிய பிசுக்கை முழுவதும் வெளியேற்றுவதில்லை. எடுத்தபின் சுற்றுகளுக்குள் நீரும் தங்கிவிடுகிறது. அந்த ஈரம் எஃகைத் தொட்ட இடத்தில் துரு எழுகிறது. துருத்தூளும் பிசுக்கைப் போலவே அதிர்வை அடக்குகிறது. அதனால் கொதிநீர்ச் சிகிச்சையின் பலன் சீக்கிரம் கரைகிறது. ஒரு குறைபாடுள்ள முறையின் தோல்வியைக் காட்டிச் சுத்தம் செய்வதையே நிராகரிப்பது சரியல்ல. செறிவான ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் எண்ணெயைக் கரைக்கிறது, சுற்றுகளின் இடுக்குவரை ஊடுருவுகிறது, மிச்சமின்றி ஆவியாகிவிடுகிறது. பலன் நீடிப்பதற்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: அதன்பிறகு கம்பியை எப்படி நடத்துகிறோம் என்பது. புதுக் கம்பியும் கழுவாத கையால் வாசித்து, துடைக்காமல் பெட்டியில் அடைத்தால் அதே சில வாரங்களில் மங்கத்தான் செய்யும். அதே பழக்கத்தோடு கழுவிய கம்பியையும் நடத்திவிட்டு, அது நிலைக்கவில்லை என்று குற்றம் சாட்டுவது நியாயமாகாது.

மூன்றாவது வாதம், சுத்தம் செய்வதே கேடு என்பது. தவறாகச் செய்தால் கேடுதான். அதை மறைக்க விரும்பவில்லை. ஆகவே எது சரி என்பதைத் தெளிவாகச் சொல்வதுதான் இதற்கு மறுமொழி. கம்பியைக் கிட்டாரில் வைத்தபடியே ஆல்கஹால் பூசக்கூடாது. நைட்ரோசெல்லுலோஸ், ஷெல்லாக் போன்ற பூச்சுகளை அது கரைத்துவிடும். பூச்சில்லாத மரப்பலகையையும் உலர்த்திவிடும். கம்பியைத் தளர்த்தி, டியூனிங் கீயில் சுற்றியிருந்த வளைவைக் குலைக்காமல் கழற்ற வேண்டும். இரு முனையும் மூடிய மெல்லிய பிவிசி குழாய் இதற்கு ஏற்றது. கம்பி மடங்காமல் நீளவாக்கில் நிற்கும், திரவமும் குறைவாகவே பிடிக்கும். மூடியுள்ள கண்ணாடிச் சாடியில் அகலமாகச் சுருட்டிப் போட்டாலும் தவறில்லை. ஓர் இரவு ஊறியபின் எடுத்து, பருத்தித் துணியால் நீளவாக்கில் அழுத்தித் துடைத்து, புதிய ஆல்கஹாலால் ஒருமுறை அலசி, முற்றிலும் உலரவிட வேண்டும். வியர்வை அதிகமுள்ளவர்களின் கம்பியில் உப்பும் படிந்திருக்கும். செறிவான ஆல்கஹாலில் உப்பு கரையாது. அவர்கள் முதலில் சோப்புக் கலந்த வெந்நீரில் விரைவாகக் கழுவி, உடனே ஆல்கஹாலில் இடலாம். நீரோடு முழுவதும் கலக்கும் ஆல்கஹால் தங்கிய ஈரத்தையும் தன்னோடு எடுத்துக்கொண்டு ஆவியாகும்.

பாதுகாப்பு பற்றிய எச்சரிக்கையை அழுத்தமாகவே சொல்ல வேண்டும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலின் ஆவி 12 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடியது. அதாவது நம் ஊரில் எந்தப் பருவத்திலும். சமையலறையிலோ, பூஜை விளக்கருகிலோ, ஸ்விட்ச் பொறி பறக்கும் இடத்திலோ இந்த வேலை கூடாது. சன்னல் திறந்திருக்க வேண்டும், கையுறை வேண்டும், குழந்தைகளுக்கு எட்டக்கூடாது. கடைகளில் கிடைக்கும் சில ஸ்பிரிட்டுகளில் நஞ்சான மெத்தனால் கலந்திருக்கும். அவற்றைத் தவிர்ப்பது நல்லது. இன்னொன்று, எல்லாக் கம்பிக்கும் இந்த மருந்து இல்லை. பூச்சுக் கம்பிகளையும், நைலான் நாடா சுற்றியவற்றையும் ஊறவைக்கக் கூடாது, உறை பழுதாகும். ஃப்ளாட்வவுண்டுக்கு அது தேவையே இல்லை; உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும். முனைகளில் வண்ணப் பட்டு நூல் சுற்றியிருந்தால் சாயம் போகலாம். அது அழகுக் குறைவே தவிர ஓசைக் குறைவு அல்ல. கம்பிகளை எல்லாம் ஒரே நேரத்தில் கழற்றினால் கழுத்து வளைந்துவிடும் என்ற அச்சமும் இருக்கிறது. நாலு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை ஏறத்தாழ 75 முதல் 80 கிலோ விசையில் இழுக்கின்றன. அந்த விசை ஓர் இரவு நீங்கினால் கழுத்து சற்றே பின்வாங்கும். திரும்ப மாட்டிச் சுருதி கூட்டினால் பழைய நிலைக்கு வரும். கம்பி மாற்றும்போதும் இதேதான் நடக்கிறது. அச்சம் உள்ளவர்கள் ஒவ்வொன்றாகக் கழற்றிச் செய்யலாம்.

நான்காவது வாதம் தட்பவெப்பத்தைக் குறித்தது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் உப்பும் ஈரமும் கலந்த காற்று எஃகுக்குப் பகை என்பதில் சந்தேகமில்லை. காற்றின் ஈரப்பதம் 60, 70 விழுக்காட்டைத் தாண்டும்போது இரும்பு அரிபடும் வேகம் கூடுகிறது. உப்புப் படிவு இருந்தால் அது இன்னும் விரைவில் தொடங்குகிறது. ஆனால் இந்த உண்மையிலிருந்து கிடைக்கும் முடிவு, பராமரிப்பு வீண் என்பதல்ல. பராமரிப்பு இங்கேதான் மிகத் தேவை என்பது. வியர்வையில் உள்ள குளோரைடுதான் நிக்கல் பூச்சு தேய்ந்த இடங்களில் எஃகை முதலில் தாக்குகிறது. வாசிக்கும் முன் சோப்பால் கை கழுவுவது, வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் துணியால் சுற்றிப் பிடித்து அடிப்பக்கமும் சேர்த்து நீளவாக்கில் துடைப்பது, ஈரக் கம்பியோடு பெட்டியை மூடாமல் இருப்பது, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைப்பது ஆகிய நான்கும் செலவில்லாதவை அல்லது மிகக் குறைந்த செலவுடையவை. அடிப்பக்கத்தைத் துடைப்பதைப் பலர் மறக்கிறார்கள். விரல் தள்ளிய அழுக்கு, கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையான ஃப்ரெட்டில் அழுந்தி ஏறுவது அங்கேதான். கை மிகவும் வியர்ப்பவர்கள் துருவேறா எஃகுக் கம்பியைத் தேர்ந்தால் அரிப்பு இன்னும் தள்ளிப்போகும். அதில் கலந்துள்ள குரோமியம் மேற்பரப்பில் தானே காக்கும் ஒரு படலத்தை உண்டாக்குகிறது.

ஐந்தாவது, செலவுக் கணக்கு. ஒவ்வொரு இரவும் மேடையேறும் கலைஞருக்கும், காலையில் பதிவு இருக்கும் ஸ்டூடியோ வாசிப்பாளருக்கும் புதுக் கம்பியின் உறுதி விலைக்கு மேல் மதிப்புள்ளது. அவர்கள் மாற்றட்டும், அதில் எனக்கு எந்த வழக்கும் இல்லை. ஆனால் அவர்களுடைய பழக்கம் எல்லோருக்கும் விதியாக்கப்படுவதுதான் பிழை. நம் நாட்டில் தரமான பேஸ் கம்பிகள் பெரும்பாலும் இறக்குமதியானவை. ஒரு செட்டின் விலை ஆயிரம் ரூபாயைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. கல்லூரிக் குழுவில் வாசிக்கும் மாணவரும், தேவாலயப் பாடகர் குழுவுக்கு வாசிப்பவரும், இப்போதுதான் கற்கத் தொடங்கியவரும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டால் நடப்பது இரண்டில் ஒன்று: கைக்கு மீறிச் செலவழிக்கிறார்கள், அல்லது வாங்க முடியாமல் மங்கிய ஓசையோடே ஆண்டுக்கணக்கில் வாசிக்கிறார்கள். இரண்டாவது நிலை இன்னும் வருத்தத்துக்குரியது. தன் விரலுக்கு ஓசை வரவில்லை என்று எண்ணி ஊக்கம் இழப்பவருக்கு, குறை விரலில் இல்லை, கம்பியின் பள்ளத்தில் இருக்கிறது, அதை எடுத்துவிடலாம் என்று யாரும் சொல்வதில்லை. நேரக் கணக்கும் மிகைப்படுத்தப்படுகிறது. ஊறுவதற்கு ஆகும் இரவில் நம் கை தேவையில்லை. கழற்றி மாட்டும் வேலை புதுக் கம்பிக்கும் உண்டு. ஒரு குழாய் ஆல்கஹாலை அழுக்கு அடியில் தங்கவிட்டு, தெளிந்ததை வடித்துப் பலமுறை பயன்படுத்தலாம். இன்னும் ஒன்று: ஈ கம்பி ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 30 கிராம் எடையுள்ள எஃகும் நிக்கலும். தோண்டி, உருக்கி, இழுத்து, கடல் கடந்து வந்த உலோகத்தைப் பிசுக்குப் படிந்த ஒரே காரணத்துக்காகக் கழிப்பது சிக்கனம் ஆகாது.

எதிர்ப்பக்கத்து வாதம் கடைசியாக. டெட்ராயிட்டின் மோட்டவுன் நிறுவனத்துக்காக வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், தன் 1962 பிரிசிஷன் பேஸின் கம்பிகளை மாற்றியதே அரிது என்பது பேஸ் உலகம் முழுதும் அறிந்த செய்தி. மார்வின் கேயின் 1971 தொகுப்பான ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ உட்பட எத்தனையோ பாடல்களில் கேட்கும் அந்த உருண்ட, கதகதப்பான நாதத்தைச் சுட்டி, அழுக்கே ருசி என்கிறார்கள். ஜேமர்சனின் மேதைமைக்குத் தலைவணங்கித்தான் சொல்கிறேன்: அவர் மாட்டியிருந்தவை தடித்த ஃப்ளாட்வவுண்ட் கம்பிகள். பிரிட்ஜ் மூடியின் கீழ் அதிர்வை அடக்கும் நுரைப்பஞ்சும் இருந்தது. அவருடைய கருவி மேற்சுரங்களைத் தொடக்கத்திலிருந்தே அடக்கிவைக்க அமைந்தது. அவர் விரும்பிய நாதம் அது. மேற்சுரங்களுக்காகவே பிறந்த ரவுண்ட்வவுண்டை வாங்கி, அது பிசுக்கேறி மங்கியதும் ஜேமர்சனைத் துணைக்கு அழைப்பது அவருக்கும் நியாயம் செய்யாது, கம்பிக்கும் செய்யாது. பிசுக்கேறிய ரவுண்ட்வவுண்ட் ஃப்ளாட்வவுண்டாக மாறுவதும் இல்லை. அழுக்கு எல்லா இடத்திலும் சமமாகப் படியாததால் அதன் மங்கல் கம்பிக்குக் கம்பி, ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் வேறுபடுகிறது. கதகதப்பான நாதம் வேண்டுமென்றால் அதற்கென்று செய்த கம்பியை வாங்குவதே நேர்வழி.

இவ்வளவும் சொன்னபின், கம்பிக்கு முடிவே இல்லை என்று நான் வாதிடவில்லை. உலோகமும் தேயத்தான் செய்கிறது. ஃப்ரெட் பட்டுப் பட்டு ரவுண்ட்வவுண்டின் அடிப்பக்கத்தில் தட்டையான தழும்புகள் விழுகின்றன. அந்த இடங்களில் கம்பியின் எடையும் வளைவும் சீர் குலைவதால் மேற்சுரங்கள் தம் சரியான இடத்தைவிட்டு நகர்கின்றன. அரிப்புக் குழிகளும், தளர்ந்த சுற்றும் சுத்தத்தால் சரியாகாதவை. டியூனிங் கீயில் மடங்கிய முனை பலமுறை கழற்றி மாட்டினால் முறியவும் கூடும். அதனால் ஒவ்வொரு சுத்தத்துக்குப் பிறகும் திரும்பும் ஓசை முந்தையதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். கம்பி உண்மையில் முடிந்ததா என்று அறிய எளிய சோதனை உண்டு. சுத்தம் செய்து மாட்டிச் சுருதி கூட்டியபின், 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே விரலால் லேசாகத் தொட்டு எழுப்பும் மேற்சுரமும், அதே ஃப்ரெட்டில் அழுத்தி எழுப்பும் சுரமும் ஒன்றாக நிற்கின்றனவா என்று பாருங்கள். முன்பு சரியாக இருந்த கருவியில் இப்போது அவை விலகி நின்றாலோ, ஒற்றைச் சுரம் அலையலையாக நடுங்கினாலோ, துரு கண்ணுக்குத் தெரிந்தாலோ, சுற்று தளர்ந்து இரைந்தாலோ அந்தக் கம்பியின் காலம் முடிந்தது. அப்போது மாற்றுங்கள், தயங்க வேண்டாம். இந்த அறிகுறிகள் எவையும் இல்லாமல் ஓசை மட்டும் மங்கியிருந்தால் அது அழுக்குதான்.

உலோகக் களைப்பு என்ற விளக்கம் பியானோவின் முன்னும், பூச்சுக் கம்பியின் முன்னும், ஆல்கஹால் குழாயின் அடியில் தங்கும் கறுத்த வண்டலின் முன்னும் நிற்கவில்லை. மற்ற வாதங்கள் தவறான முறையையோ, தவறான பழக்கத்தையோ, சிலருக்கு மட்டும் பொருந்தும் தேவையையோ பொதுவிதியாக்கியவை. பேஸ் வாசிப்பவர்களிடமும் கற்றுத் தருபவர்களிடமும் என் வேண்டுகோள் இதுதான்: மாணவரிடம் ‘கம்பி செத்துவிட்டது, மாற்று’ என்று சொல்வதற்கு முன் ‘கழற்று, ஊறவை, துடை, பிறகு கேள்’ என்று சொல்லுங்கள். வாசித்து முடித்ததும் துடைக்கும் பழக்கத்தை முதல் பாடத்தோடு சேர்த்துக் கற்றுக்கொடுங்கள். தேய்ந்த கம்பியை மாற்றுங்கள். அழுக்கான கம்பியைக் கழுவுங்கள்.